நாற்பத்து நாலு உருண்டைகள்

ஏட்டு மந்திரமூர்த்தி ஓடி வந்த வேகத்திலேயே சட்டியை எட்டி உதைத்தார். தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த ஆமணக்கெண்ணெய் அடுப்பில் கவிழ்ந்து, குபீரென்று ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது. கோயில் முற்றத்துக் கூட்டம் அலறிக்கொண்டு பின்வாங்கியது. நாலைந்து சொட்டு அவர் காலிலும் தெறித்தது. முழங்காலுக்குக் கீழே சுற்றியிருந்த காக்கிப் பட்டி காப்பாற்றியது. இல்லாவிட்டால் அன்றைக்கு முதலில் வெந்தது சர்க்கார் காலாகத்தான் இருந்திருக்கும்.

“கையை விடுங்கலே!”

அப்போதும் விடவில்லை. இரண்டு பேர் உச்சிமாகாளியின் வலது கையை முழங்கையோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். மஞ்சள் தண்ணீரில் கழுவி, வேப்பிலையால் துடைத்த அந்தக் கை கல்யாண மாப்பிள்ளையின் கைபோல மினுமினுத்தது. சட்டிக்குள் போட்டிருந்த செப்புக் காசு இப்போது மண்ணில் கிடந்து புகைந்தது. அந்தக் காசை அவன் கொதிக்கும் எண்ணெய்க்குள்ளிருந்து வெறுங்கையால் எடுக்க வேண்டும். கை வெந்தால் கள்ளன், வேகாவிட்டால் உத்தமன். மேலகரத்தில் இப்படி ஒன்று நடந்ததை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் எப்படிச் செய்ய வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஏட்டு லத்தியை ஓங்கவில்லை. பிடித்திருந்தவர்களின் கைகளுக்கு நடுவே நுழைத்து, பலாப்பழத்தைப் பிளப்பதுபோல நெம்பினார். பிடி விட்டது.

“நாந்தான் சம்மதிச்சேன் ஏட்டையா” என்றான் உச்சிமாகாளி.

“கிறுக்குப் பயலே, கை வெந்து போவும்லே!”

“ஒரு கை போனா இன்னொரு கை கெடக்கு. பொண்டாட்டி ஊட்டிவிட்டா தின்னுக்கிட்டு வீட்ல கெடப்பேன். நீங்க கேசு எழுதினா ஏழு வருசம்லா?”

அவன் சொன்னது சரிதான். ஒரு ஆட்டுக் கேசு, ஒரு தேங்காய்க் கேசு என்று ஏற்கெனவே இரண்டு தண்டனை. பெயர் கேடி ரிஜிஸ்தரில் ஏறிவிட்டது. மூன்றாவது என்றால் மாஜிஸ்திரேட்டு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிவிடுவார். கடைசியாகத் திருடி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது என்பதெல்லாம் ரிஜிஸ்தரில் ஒரு பத்தியிலும் வராது.

தர்மகர்த்தா செல்லச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மூன்று போகம் விளையும் வயலுக்குச் சொந்தக்காரர். குரலும் அந்த அளவுக்கு இருக்கும்.

“சட்டியை ஒடச்சிட்டீரு. சந்தோசம். இப்ப நீரே சொல்லும் வே. ஆத்தாளுக்குக் கண்ணு எங்க?”

அதுதான் விஷயம். காலையில் பூசாரி நல்லகண்ணு திரையை விலக்கியபோது முப்பிடாதி அம்மன் முகத்தில் கண்மலர் இரண்டும் இல்லை. அரக்கும் மெழுகும் வைத்து ஒட்டியிருந்த வெள்ளித் தகடுகளை யாரோ நகத்தால் பெயர்த்துப் போயிருந்தார்கள். இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட மறந்துபோய் நின்றார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை கோயில் கொடைத் திருவிழா. வில்லுப்பாட்டுக்கு வெற்றிலை வைத்தாகிவிட்டது, பந்தக்கால் நாட்டியாகிவிட்டது. கண் இல்லாத அம்மன் முன்னால் எந்தச் சாமியாடி ஆடுவான்?

“கண்ணு போனா தேடலாம். அதுக்கு எண்ணெயைக் காய்ச்சினா சரியாப் போச்சா?” என்றார் ஏட்டு.

“தேடணுமாக்கும்! இந்தத் தெருவுல கள்ளன்னு சர்க்காரே பேரெழுதி வச்சிருக்கது யார? நீருதான தெனமும் ராத்திரி வந்து இவன் வாசல்ல கூப்பிட்டுட்டுப் போறீரு?”

கூப்பிடுவது உண்மைதான். கேடி ரிஜிஸ்தரில் உள்ளவன் ராத்திரி வீட்டில்தான் இருக்கிறானா என்று பார்ப்பது பாராக்காரனின் வேலை. தெருவில் நின்று “உச்சிமாகாளி!” என்று ஒரு சத்தம். உள்ளேயிருந்து “இருக்கேன் எசமான்!” என்று ஒரு சத்தம். இரண்டும் கேட்ட பிறகு ஏட்டு பாரா புத்தகத்தில் நேரம் போட்டுக் கையெழுத்து வைப்பார். ஒன்பது வருஷமாக அந்தத் தெரு இந்த இரண்டு சத்தத்துக்கு நடுவில்தான் புரண்டு படுக்கிறது.

“நேத்து ராத்திரி இருந்தானா, இல்லையா? புத்தகத்தைப் பாத்துச் சொல்லும்” என்றார் செல்லச்சாமி.

ஏட்டு சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். சாரலில் ஓரம் நனைந்து ஊறிப்போயிருந்தது. விரலை எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினார்.

“செவ்வாய். ராத்திரி பன்னெண்டு மணி. உச்சிமாகாளி வீட்டில் இருந்தான்.”

படித்த குரல் கணீரென்று இருந்தது. ஆனால் அந்த வரியை அவர் செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்கு, குற்றாலம் போலீஸ் அவுட்போஸ்ட் விளக்கடியில் உட்கார்ந்து எழுதியிருந்தார். அன்றைக்குப் பெய்தது சாரல் இல்லை, மலையே கரைந்து வருகிற மழை. அருவியின் இரைச்சல் அவுட்போஸ்ட் கதவை உலுக்கியது. வலது முழங்காலில் வாதம் குத்தியது. இந்த மழையில் எந்தக் கள்ளன் வெளியே கிளம்புவான் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, எழுதி வைத்துவிட்டுப் போர்த்திப் படுத்தவர்தான். பதினெட்டு வருஷ சர்வீஸில் அப்படி எழுதியது மொத்தம் எத்தனை ராத்திரி என்று கேட்டால், கை விரல் போதாது.

“சத்தம் கேட்டாத்தான் எனக்கு ஒறக்கமே வரும்” என்றாள் ரெங்கம்மாள். உச்சிமாகாளிக்கு அடுத்த வீட்டுக்காரி. சீசனுக்கு வருகிறவர்களுக்கு ஆப்பம் சுட்டு விற்பவள். வாய் ஓயாது. “ஆனா நேத்து ராத்திரி...”

நிறுத்தினாள். ஏட்டின் முகத்தைப் பார்த்தாள். உச்சிமாகாளியின் மஞ்சள் கையைப் பார்த்தாள்.

“...மழை இரைச்சல்ல கேக்கல போல” என்று முடித்தாள்.

“பன்னெண்டு மணிக்கு இருந்தவன் ஒரு மணிக்கு எந்திரிச்சு வரமாட்டானா? கோயிலு என்ன கொல்லத்துலயா இருக்கு?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஏட்டுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் கொஞ்சம் தெம்பு வந்தது. சிரிக்கிற கூட்டத்தோடு பேச முடியும். சிரிக்காத கூட்டத்தோடுதான் ஒன்றும் செய்ய முடியாது.

அவுட்போஸ்ட் ஏட்டுக்கு எழுதுகிற வேலை குறைவு, பேசுகிற வேலை அதிகம். அருவிக்கரையில் பெண்கள் பக்கம் எட்டிப் பார்க்கிற மைனரை விரட்டுவது, யார் மாடு யார் நாற்றில் வாய் வைத்தது என்று தீர்ப்பது, கோபித்துக்கொண்டு இலஞ்சிக்குப் போன மருமகளை அவள் அப்பன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுப் பேசிக் கூட்டி வருவது, எல்லாம் அவர்தான். இதில் எதுவும் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. எழுதினால் கேசு. கேசு என்றால் தென்காசிக்கு நடை, வக்கீல், வாய்தா. அதற்குள் இரண்டு குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முகம் பார்க்காது. எழுதாமல் தீர்த்ததுதான் தீர்ந்தது என்பது அவர் கண்ட அனுபவம்.

கடையநல்லூரில் இருந்தபோது ஒரு சங்கதி நடந்தது. தறிக்காரத் தெருவில் ஷரீபுன்னிசா என்ற அம்மாளின் மகள் கல்யாணத்தில் ஒரு மோதிரம் காணாமல் போனது. வந்திருந்ததெல்லாம் சொந்தக்காரர்கள். யாரைச் சோதிப்பது? அந்த அம்மாள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. எல்லா வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒரு உருண்டை களிமண் கொண்டுவந்து, ஒருத்தராய் உள்ளே போய் அண்டாவில் போட்டுவிட்டு வரச் சொன்னாள். மறுநாள் உருண்டைகளை உடைத்தபோது ஒன்றில் மோதிரம் இருந்தது. யாருடைய உருண்டை என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. அன்றைக்கு மந்திரமூர்த்தி செய்தது வாசலில் காவல் நின்றது மட்டும்தான்.

அதை இப்போது சொன்னார். கூட்டம் கேட்டது.

“எத்தன வீடு இருக்கு இந்தத் தெருவுல?”

“நாப்பத்து நாலு.”

“நாப்பத்து நாலு உருண்டை. நாளைக்குச் சாயங்காலம். எல்லாரும் ஒரே குளத்து மண்ணுதான் எடுக்கணும். அளவு தேங்காய் பருமன். ஒருத்தர் போட்டதை ஒருத்தர் பாக்கக் கூடாது. வெள்ளிக்கெழமை காலையில பூசாரி ஒடைக்கட்டும். கண்ணு கெடச்சா, யாரு எவருன்னு ஒரு கேள்வி கெடையாது. நானும் கேக்கமாட்டேன், நீங்களும் கேக்கக் கூடாது.”

செல்லச்சாமி மீசையைத் தடவினார்.

“நாப்பத்து மூணு. இவன் வீட்டு உருண்டை வேண்டாம். இவன உம்ம அவுட்போஸ்ட்லயே வச்சிக்கிடும். நாப்பத்து மூணையும் ஒடச்ச பெறகு கண்ணு கெடச்சா இவன் உத்தமன். நானே மாலை போடுதேன். கெடைக்கலைன்னா வேற வீட்ல இல்லன்னு அர்த்தம். அப்ப நீரு உம்ம கையால கேசு எழுதணும். எழுதுவீரா?”

“எழுதுதேன்.”

“ஆத்தா மேல?”

கண்ணில்லாத முகத்தை நோக்கி ஏட்டு கையை நீட்டினார். “ஆத்தா மேல.”

உச்சிமாகாளியைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் ரோட்டில் நடக்கும்போதுதான் தான் செய்து வைத்திருப்பது அவருக்கு உறைத்தது. ஷரீபுன்னிசாவின் தெருவில் மோதிரம் வராமல் போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. இங்கே அப்படி இல்லை. எடுத்தவன் யாரோ, அவன் நாளைக்கு வெறும் மண்ணை உருட்டிப் போட்டால் போதும். இவன் ஏழு வருஷம் போய்விடுவான். சும்மா இருந்தாலே தப்பித்துக்கொள்ளலாம் என்று கள்ளனுக்கு வழி செய்து கொடுத்தாகிவிட்டது. எண்ணெய்ச் சட்டியிலாவது கை மட்டும்தான் வெந்திருக்கும்.

அவுட்போஸ்ட் அறையில் அவனை உட்காரவைத்துக் கதவைச் சாத்தவில்லை. வெளியே சாரல் விழுந்தது. மலை முகட்டில் மேகம் இறங்கி, அருவி விழுகிற சத்தம் மட்டும் இருந்தது, அருவியைக் காணோம். அவன் பெண்சாதி ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு ஏட்டுக்குப் பிடிக்கவில்லை.

“ஏலே, ஒண்ணு கேக்கேன். உண்மையைச் சொல்லணும்.”

“கேளுங்க.”

“நேத்து ராத்திரி...”

“நீங்க வரல” என்றான் உச்சிமாகாளி.

ஏட்டு வாசலைப் பார்த்தார். கான்ஸ்டபிள் தங்கசாமி அருவிக்கரைக்குப் போயிருந்தான்.

“நான் ஒருத்தர்ட்டயும் சொல்லமாட்டேன். உங்க புத்தகத்துல இருந்தேன்னு இருக்கு. நான் வீட்லதான் இருந்தேன். ரெண்டும் ஒண்ணுதானே.”

“இருந்தியா?”

அவன் கஞ்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“முழிச்சுக் கெடந்தேன் ஏட்டையா. நீங்க கூப்பிடும்போது நான் ஒறங்கிட்டேன்னா, சத்தம் குடுக்கலைன்னா, ஆளைக் காணும்னுல எழுதிருவீய? ஒம்பது வருசமா அதுவரைக்கும் நான் கண்ணை மூடுனதில்ல. நேத்து வெடிய வெடிய மழை. இப்ப வருவாரு, இப்ப வருவாருன்னு கெடந்தேன். கோழி கூவுன பெறவுதான் கண்ணு சொருகிச்சு. எந்திரிச்சுப் பாத்தா வாசல்ல கூட்டம்.”

“ஒன் பொண்டாட்டி சாட்சி சொல்லுவாளா?”

“கேடி பொண்டாட்டி சாட்சிய எவன் கேப்பான்? நீங்க நம்பணும். அவ்வளவுதான்.”

ஏட்டு நம்ப முயன்றார். அவன் முகத்தைப் பார்த்தார். இந்த முகத்தையா ஒன்பது வருஷமாகத் தெரியும் என்று யோசித்தபோது, குரலைத்தான் தெரியும் என்று தோன்றியது. இருட்டுக்குள்ளிருந்து வருகிற “இருக்கேன் எசமான்” என்கிற குரல். கள்ளனும் இதே முகத்தோடு, இதே கஞ்சியைப் பார்த்துக்கொண்டு, இதைத்தான் சொல்வான். அப்படிச் சொன்ன எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். அவர்கள் சொன்னதை நம்பி ஏமாந்தும் இருக்கிறார், நம்பாமல் ஏமாந்தும் இருக்கிறார். அன்றைக்கு மழையில் ஒரு மைல் நடந்துபோய் ஒரு சத்தம் கொடுத்திருந்தால், இப்போது நம்புவதற்கு அவசியமே இருந்திருக்காது. தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை தங்கசாமியிடம், “தென்காசியில ஒரு சோலி இருக்கு, மத்தியானத்துக்குள்ள வந்திருதேன்” என்று சொல்லிவிட்டு ஜட்கா பிடித்துப் போனார். சொன்னபடி வந்துவிட்டார். என்ன சோலி என்று தங்கசாமி கேட்கவில்லை. ஏட்டு சொல்லவும் இல்லை.

சாயங்காலம் தெருவே குளத்தில் இறங்கியது. மூன்று நாள் மழையில் கரை மண் வெண்ணெயாய்க் குழைந்திருந்தது. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மண்ணை அள்ளினார்கள். அள்ளிய மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய், உருட்டி, முந்தானைக்குள்ளும் துண்டுக்குள்ளும் மறைத்து எடுத்து வந்தார்கள். அந்தியில் கோயில் வாசலில் வரிசை நின்றது. கொடைச் சோறு வடிக்கிற கொப்பரையை உள்ளே திரைக்கு முன்னால் வைத்திருந்தார்கள். ஒருவர் போவார், தொப்பென்று ஒரு சத்தம் கேட்கும், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். வாசலில் ஏட்டு எண்ணிக்கொண்டு நின்றார்.

பத்து உருண்டை விழுந்த பிறகு வாய் திறந்துகொண்டது.

“ஏலே, என்ன உருண்டை இத்தாம் பெருசு? ஆத்தா கிரீடத்தையும் சேத்து எடுத்துட்டியோ?”

“ஒன் உருண்டை சுண்டைக்காய் கெணக்கா இருக்கே, அதுக்குள்ள மூக்குத்திகூட அடங்காதுலே!”

ரெங்கம்மாள் தன் உருண்டையைப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது ஏட்டின் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள். “மழை மேல நான் போட்ட பழி எப்படி?” என்றாள் மெதுவாக. ஏட்டு மலையைப் பார்த்துக்கொண்டார்.

செல்லச்சாமியும் போட்டார். பூசாரியும் போட்டான். நாற்பத்து மூன்று ஆயிற்று.

“நானும் ஒண்ணு போடணும்” என்றார் ஏட்டு.

“உமக்கு என்னத்துக்கு வே?”

“இந்தக் கோயில்ல நானும்தான திருநீறு வாங்குதேன்? எல்லா வீட்டு மண்ணும் விழணும்னா என் மண்ணும் விழணும். இல்லைன்னா நாளைக்கு ஏட்டுதான் எடுத்தாம்பான் ஒருத்தன்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “போலீசு வீட்டு உருண்டையிலதான் ஆத்தா கண்ணு இருக்கப் போவுது பாருங்க!” என்று ஒருவன் கத்தினான். ஏட்டும் சிரித்துக்கொண்டே துண்டால் மூடிய உருண்டையோடு உள்ளே போனார். தொப்பென்று சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. மேகம் விலகி மலை பச்சையாகப் பக்கத்தில் வந்து நின்றது. கொப்பரையை நாலு பேர் தூக்கி முற்றத்தில் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய மரவைத் தொட்டியில் தண்ணீர். பூசாரி நல்லகண்ணு குளித்து, ஈரத்தோடு உட்கார்ந்தான். உச்சிமாகாளி தங்கசாமிக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் நின்றான். விலங்கு போடவில்லை. அவன் பெண்சாதி வரவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

முதல் உருண்டை தண்ணீரில் கரைந்தது. ஒன்றும் இல்லை. இரண்டாவது. மூன்றாவது. பூசாரியின் விரல்கள் மண்ணுக்குள் புகுந்து பிசைந்து வெளியே வரும்போதெல்லாம் கூட்டம் மூச்சைப் பிடித்து, பிறகு விட்டது. பத்தில் இல்லை. பதினைந்தில் இல்லை. செல்லச்சாமி ஏட்டின் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். உச்சிமாகாளி தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். மஞ்சள் இன்னும் போகவில்லை.

இருபத்திரண்டாவது உருண்டையில் பூசாரியின் விரல் நின்றது.

“இருக்கு” என்றான்.

தண்ணீரில் அலசித் தூக்கினான். இரண்டு விரல்களுக்கு நடுவே இரண்டு வெள்ளி இதழ்கள் வெயிலில் பளிச்சிட்டன. பெண்கள் குலவையிட்டார்கள். அந்தச் சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் கலைந்து பறந்தன. யாரோ உடுக்கை அடிக்க ஆரம்பித்துவிட்டான். செல்லச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல், அம்மனுக்கு வைத்திருந்த அரளி மாலையில் ஒன்றை எடுத்துப்போய் உச்சிமாகாளி கழுத்தில் போட்டார். அவன் மாலையையும் தர்மகர்த்தாவையும் மாறி மாறிப் பார்த்தான். என்ன செய்வது என்று தெரியாமல் கும்பிட்டான்.

“போதும் நல்லகண்ணு” என்றார் ஏட்டு. “கண்ணு வந்தாச்சு. மிச்சத்தைக் கொளத்துல கொட்டிருவோம்.”

“அது எப்படி ஏட்டையா? எல்லா உருண்டையும் ஒடச்சிரணும். இல்லைன்னா ஒடைக்காத வீட்டுக்காரனுக்கு மனசு சங்கடப்படும்லா?”

நியாயமான பேச்சு. பூசாரி உடைத்துக்கொண்டே போனான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. பந்தல் எப்போது போடுவது, கிடா எத்தனை என்று பேச்சு கிளம்பிவிட்டது. அதனால் முப்பத்தொன்பதாவது உருண்டையில் அவன் கை இரண்டாவது முறை நின்றதை முதலில் பார்த்தவர் ஏட்டு மட்டும்தான்.

பூசாரி அதையும் அலசினான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு தாம்பாளத்தில் முதல் இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தான். தாம்பாளத்தில் இப்போது நாலு கண்கள்.

பேச்சு ஒவ்வொரு வாயாக நின்றது.

“இதுதான் பழசு” என்றான் பூசாரி, கடைசியில் எடுத்த இரண்டையும் தொட்டு. “எண்ணெய்க் கறுப்பு ஏறியிருக்கு. எடது கண்ணு ஓரத்துல நெளிவு. என் கை அறியும். இருவது வருசமா நான் தொடைக்கிற கண்ணு.”

“அப்ப அது?” செல்லச்சாமி முதல் இரண்டையும் காட்டினார்.

ரெங்கம்மாள்தான் பேசினாள். “ஆத்தாளுக்கு ரெண்டு கண்ணு பத்தலையாம். இம்புட்டுப் பயலுவளையும் கவனிக்கணும்லா?”

ஒருவன் சிரித்தான். இன்னொருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அப்புறம் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திரும்பவும் குலவை எழுந்தது, முன்னைவிடப் பலமாக. கேள்வி கேட்கக் கூடாது என்பது பேச்சு. அம்மன் தந்தாள் என்று வைத்துக்கொள்வது கேள்வி கேட்காமல் இருப்பதற்கு வசதியாகவும் இருந்தது.

ஏட்டு அடுப்புக்கு வைத்திருந்த கல் ஒன்றில் உட்கார்ந்தார். பழைய கண்கள் தாம்பாளத்தில் கறுப்பாகக் கிடந்தன. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நாற்பத்து மூன்று வீட்டு முகங்கள். எடுத்த கை ஒன்று அதில் இருந்தது. நேற்று மண்ணை உருட்டும்போது, ஒருவன் ஏழு வருஷம் போவதைச் சுமக்க முடியாமல் தகட்டை உள்ளே வைத்து மூடிய கையும் அதேதான். எல்லாக் கைகளிலும் ஒரே குளத்துச் சேறு காய்ந்திருந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க வேண்டும் என்கிற பதினெட்டு வருஷத்துப் பழக்கம் முதல் முறையாக அவருக்குக் கூச்சமாக இருந்தது.

உச்சிமாகாளி மாலையோடு எதிரே வந்து நின்றான்.

“ஊரே என்னயக் கள்ளன்னு சொல்லிச்சு” என்றான். “நீங்க ஒருத்தராவது நம்புனீயளே ஏட்டையா. அது போதும் எனக்கு.”

ஏட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. “வீட்டுக்குப் போ. அவ தனியா இருக்கா” என்றார்.

அவன் போனான். மாலை முதுகில் ஆடியது.

பூசாரி தேன்மெழுகை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பழைய கண்கள் ஆத்தாளுக்கு. புதிய கண்கள் கொடைக் கும்பத்துக்கு என்று செல்லச்சாமி சொல்லியாகிவிட்டது. பூசாரி புதிய கண் ஒன்றை எடுத்து, மெழுகு வைப்பதற்காகப் பின்பக்கம் திருப்பினான். வெயிலுக்கு நேரே பிடித்தான். கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். ஏட்டின் பக்கத்தில் வந்து குந்தினான்.

“ஏட்டையா” என்றான், மற்றவர் காதில் விழாத குரலில். “ஆத்தா கண்ணுக்குப் பின்னால தாடி இருக்கு.”

நீட்டினான். தகட்டின் உள்பக்கத்தில், தட்டியும் அழியாமல், சுருள் சுருளாகப் பாதித் தாடி; அதற்கு மேலே ஒரு காதும் இருந்தது.

“ரூவாயில பாத்த தாடிதான். நம்ம ராசா தாடி” என்றான் பூசாரி.

போன வருஷம் ஜார்ஜ் ராஜாவின் ஜூபிலிக்குத் திருநெல்வேலி பரேடு மைதானத்தில் துரை தன் கையால் ஏட்டின் மார்பில் குத்திவிட்ட வெள்ளிப் பதக்கம் அது. உருக்குவதற்கு நேரம் இல்லை என்று தென்காசி ஆசாரி அதை இரண்டாக வெட்டி, தட்டி, இதழாக இழைத்துக் கொடுத்திருந்தான். உள்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டான். நாற்பத்து மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்காவது மனசாட்சி இருக்கும் என்று நம்ப முடியாமல், முழித்துக் கிடந்தேன் என்றவனையும் நம்ப முடியாமல், ஏட்டு தன் உருண்டைக்குள் வைத்து மூடியது அதைத்தான்.

பூசாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏட்டு அருவி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்லகண்ணு ஒன்றும் கேட்காமல், உருட்டிய மெழுகை ராஜாவின் தாடிமேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.